தொகை தெரியும், பக்கம் தெரியாது

அமெரிக்காவில் ஒரு படிவம் இருக்கிறது. சட்டம் இயற்றுபவர்களிடமும் அதிகாரிகளிடமும் தனக்காகப் பேச ஆள் அமர்த்தி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவழிக்கும் நிறுவனங்கள் அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பித் தரவேண்டும். இந்த வேலைக்கு அங்கே ‘லாபி’ என்று பெயர். 1995-ல் வந்த லாபி வெளிப்படுத்தல் சட்டம்தான் படிவத்துக்கு அடிப்படை. யாருக்காகப் பேசினீர்கள், எவ்வளவு செலவானது, எந்த மசோதாவைப் பற்றிப் பேசினீர்கள், எந்தத் துறையினரிடம் பேசினீர்கள் என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. ஒரே ஒரு கேள்வி மட்டும் இல்லை: அந்த மசோதா வேண்டும் என்று பேசினீர்களா, வேண்டாம் என்று பேசினீர்களா?

நம் ஊர்க் கல்யாண மொய் நோட்டு மாதிரிதான். பெயர் இருக்கும், தொகை இருக்கும். கொடுத்தவர் மனசு இருக்காது.

இந்த ஒரு கட்டம் இல்லாமல் போனதால், நம் காலத்தின் மிகப் பெரிய காலநிலை மசோதா ஒன்று ஏன் செத்தது என்பதைக் கண்டுபிடிக்க, இரண்டு பொருளியலாளர்கள் துப்பறிவாளர்களாக மாற வேண்டியிருந்தது.

219-க்கு 212

2009 ஜூன் 26. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் ஒரு மசோதா 219-க்கு 212 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. கலிஃபோர்னியாவின் ஹென்றி வாக்ஸ்மன், மாசச்சூசெட்ஸின் எட்வர்ட் மார்க்கி ஆகிய இருவர் கொண்டுவந்ததால் வாக்ஸ்மன்–மார்க்கி மசோதா என்றே அதற்குப் பெயர். 2005-ல் வெளியேறிய பசுங்குடில் வாயுக்களின் அளவோடு ஒப்பிட்டு, 2020-க்குள் 17 சதவீதமும் 2050-க்குள் 83 சதவீதமும் குறைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு.

வழிமுறை எளிமையானது. நாடு முழுவதும் ஆண்டுக்கு இவ்வளவு கரியமில வாயுதான் வெளியேறலாம் என்று அரசு ஓர் உச்சவரம்பு வைக்கும். அந்த அளவுக்கு மட்டும் உரிமச்சீட்டுகள் அச்சிடப்படும். புகை விடுபவர் கையில் சீட்டு இருக்கவேண்டும். சீட்டு மிஞ்சியவர் விற்கலாம், போதாதவர் வாங்கலாம். ஆண்டுதோறும் சீட்டுகளின் எண்ணிக்கை குறையும், விலை ஏறும். நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பவருக்கு இது செலவு. காற்றாலைக்காரருக்கு வரவு. தொடக்கத்தில் பெரும்பாலான சீட்டுகளை இலவசமாகவே தருவதாகவும் ஏற்பாடு. அந்த இலவசம் யாருக்கு எவ்வளவு என்பதிலேயே ஆயிரம் பேரம்.

கீழவையில் பிழைத்த மசோதா மேலவையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2010 ஜூலையில் அதைக் கைவிட்டார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் இந்த மசோதாவை ஒட்டி லாபிக்காகப் பதிவான செலவு 70 கோடி டாலருக்கும் மேல். பணம் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. வேண்டும் என்றவர்களும் செலவழித்தார்கள், வேண்டாம் என்றவர்களும் செலவழித்தார்கள். எந்தப் பணம் எந்தப் பக்கம்? படிவம் வாய் திறக்கவில்லை.

பங்கு விலை காட்டிக்கொடுத்தது

சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கைல் மெங்கும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அஷ்வின் ரோடும் இந்தப் புதிரைப் பக்கவாட்டிலிருந்து அணுகினார்கள். நிறுவனத்தைக் கேட்டால் உண்மை வராது. அதன் பங்கை வாங்கி விற்பவர்களைப் பார்த்தால்?

அப்போது இன்ட்ரேட் என்ற இணையப் பந்தயச் சந்தை இருந்தது. அமெரிக்காவில் 2010 முடிவதற்குள் இப்படிப்பட்ட உச்சவரம்புச் சட்டம் வருமா, வராதா என்று அங்கே பணம் கட்டினார்கள். வந்தால் நூறு புள்ளி, வராவிட்டால் சுழியம். ஆகவே அந்தப் பந்தயச் சீட்டு அன்றைக்கு என்ன விலைக்குப் போகிறதோ, அதுதான் சட்டம் நிறைவேற எத்தனை சதவீத வாய்ப்பு என்று ஊர் நினைத்ததன் அளவு. ஒரு மேலவை உறுப்பினர் ஆதரவு தெரிவித்தால் விலை ஏறும். ஆளுங்கட்சி ஒரு இடைத்தேர்தலில் தோற்றால் இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கு விலையையும் வைத்தார்கள். சட்டம் வரும் என்ற நம்பிக்கை கூடிய நாட்களில் எந்தப் பங்கு சரிந்தது? அந்த நிறுவனத்துக்குச் சட்டத்தால் நஷ்டம் என்று சந்தை நினைக்கிறது. எந்தப் பங்கு ஏறியது? அதற்கு லாபம். மொய் எழுதியவர் எந்தப் பக்கத்து மனிதர் என்று தெரியவேண்டுமானால், பெண் வீட்டார் பேச்சு எடுபட்டபோது அவர் முகம் மலர்ந்ததா, சுருங்கியதா என்று பார்ப்பதைப்போல.

படிவத்திலிருந்து தொகை கிடைத்தது, பங்கு விலையிலிருந்து பக்கம் கிடைத்தது. இரண்டையும் இணைத்து 2019-ல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: லாபியே இல்லாமல் இருந்திருந்தால் சட்டம் நிறைவேற 55 சதவீத வாய்ப்பு இருந்தது. இரு தரப்பு லாபியும் சேர்ந்து அதை 42 சதவீதமாக இறக்கின. நஷ்டம் வரும் என்று அஞ்சியவர்களின் லாபி, லாபத்தை எதிர்பார்த்தவர்களின் லாபியைவிட அதிகம் பலித்தது. அந்த 13 சதவீதப் புள்ளி இழப்பால், தடுத்திருக்கக்கூடிய காலநிலைச் சேதம் என்ற வகையில் உலகுக்கு ஏற்பட்ட எதிர்பார்ப்பு இழப்பு 6,000 கோடி டாலர். செலவழித்ததைப்போல் எண்பது மடங்கு அளவில்.

இது தராசில் நிறுத்த எடை இல்லை. சில அனுமானங்களின் மேல் கட்டிய கணக்கு. ஆனால் இப்படி ஒரு கணக்கைப் போட முடிந்ததே 1995-ன் சட்டத்தால்தான். வெப்பமானி இல்லாத ஊரில் காய்ச்சலை அளக்க முடியாது. அந்தப் படிவம் ஒரு கருவி, அரைகுறையானாலும் கருவி. அப்படியொரு சட்டம் இல்லாத நாடுகளில் இந்த ஆய்வைத் தொடங்கக்கூட வழியில்லை.

அதே படிவங்களைக் கூட்டிப் பார்த்த சமூகவியலாளர் ராபர்ட் பிருல், 2000-லிருந்து 2016 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் காலநிலை தொடர்பான லாபிக்கு 200 கோடி டாலருக்கு மேல் செலவானதாக 2018-ல் எழுதினார். புதைபடிவ எரிபொருள், போக்குவரத்து, மின்சாரம் ஆகிய துறைகள் ஒரு பக்கம். சுற்றுச்சூழல் அமைப்புகளும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையும் மறுபக்கம். முன்னவர்கள் பத்து ரூபாய் போட்ட இடத்தில் பின்னவர்களால் ஒரு ரூபாய்தான் போட முடிந்தது.

ஆற்றில் ஒரு கால்

படிவத்தின் இன்னொரு ஓட்டை, சங்கம். ஒரு நிறுவனம் தன் பெயரில் பேசாமல், தான் சந்தா கட்டும் தொழில் சங்கத்தைப் பேசவிடலாம். சங்கத்தின் தொகை பதிவாகும். அதில் எந்த உறுப்பினரின் குரல் எவ்வளவு என்பது பதிவாகாது.

2009-ல் இது வேடிக்கையாகவே நடந்தது. காலநிலைச் சட்டம் வேண்டும் என்று கேட்ட தொழில் கூட்டணி ஒன்று இருந்தது. மின் நிறுவனமான டியூக் எனர்ஜி அதில் உறுப்பினர். மசோதாவை எதிர்த்த நிலக்கரி ஆதரவுக் கூட்டணி இன்னொன்று. டியூக் அதிலும் உறுப்பினர். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். விஷயம் வெளியே பேசப்பட்ட பிறகு, அந்த ஆண்டு செப்டம்பரில் டியூக் நிலக்கரிக் கூட்டணியிலிருந்து விலகியது. அடுத்த மாதம் அமெரிக்க வர்த்தக சபையின் காலநிலை நிலைப்பாட்டை ஏற்க முடியாது என்று சொல்லி ஆப்பிள் நிறுவனம் சபையைவிட்டு வெளியேறியது.

அந்த நிலக்கரிக் கூட்டணியின் வேலை கை மாறிக் கை மாறி ஒரு வாஷிங்டன் நிறுவனத்துக்குப் போயிருந்தது. பொதுமக்கள் தாமாகவே எதிர்ப்பு தெரிவிப்பதுபோல் கடிதங்களைத் திரட்டித் தருவது அதன் தொழில். வர்ஜீனியாவின் டாம் பெரியெல்லோ உள்ளிட்ட உறுப்பினர்களுக்கு மசோதாவை எதிர்த்துக் கடிதங்கள் வந்தன. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கான ஓர் உள்ளூர்த் தொண்டு அமைப்பின் பெயரில், கறுப்பின உரிமை அமைப்பு ஒன்றின் கிளை பெயரில், இப்படிப் பத்துக்கும் மேல். அவற்றை அந்த அமைப்புகள் எழுதவே இல்லை. முகப்புத் தாளும் கையெழுத்தும் போலி. வாக்கெடுப்புக்கு முன்பே கூட்டணிக்கு இது தெரிந்திருந்தது. உறுப்பினர்களுக்குச் சொன்னதோ வாக்கெடுப்பு முடிந்த பிறகு. பெரியெல்லோ மசோதாவை ஆதரித்தே வாக்களித்தார் என்பது வேறு விஷயம். போலிக் கடிதம் குற்றம்தான். ஆனால் நிஜமான கடிதங்களையே காசு கொடுத்துத் திரட்டியிருந்தால்? அமெரிக்கச் சட்டத்தில் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. மக்களை வைத்துப் பேசவைக்கும் செலவு அந்தப் படிவத்துக்குள் வராது. விளம்பரமும் வராது.

ஆய்வகத்தில் ஒன்று, மேடையில் ஒன்று

இந்தக் கதையில் என்னை அதிகம் வியக்கவைப்பது வேறு. எதிர்த்தவர்களில் சிலருக்கு அறிவியல் தெரியாமல் இல்லை. வெளியில் இருந்தவர்களுக்குத் தெரிந்த அளவுக்கே, சில வேளைகளில் அதைவிடத் தெளிவாக, தெரிந்திருந்தது.

1977 ஜூலையில் எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனத்தின் மேலாண்மைக் குழு முன் அதன் மூத்த அறிவியலாளர் ஜேம்ஸ் பிளாக் பேசினார். காற்றில் கரியமில வாயு இரட்டித்தால் புவியின் சராசரி வெப்பம் இரண்டு, மூன்று டிகிரி உயரும் என்றார். துருவங்களில் இன்னும் பல மடங்கு. நிறுவனம் அலட்சியப்படுத்தவில்லை. 1979-ல் எஸ்ஸோ அட்லாண்டிக் என்ற தன் எண்ணெய்க் கப்பலிலேயே கருவிகளைப் பொருத்தி, அது எண்ணெய் ஏற்றிச்செல்லும் வழியெல்லாம் கடல்நீரிலும் காற்றிலும் கரியமில வாயுவை அளக்கச் செய்தது. எண்ணெய் விற்ற காசில், எண்ணெய்க் கப்பலில், எண்ணெயின் விளைவை ஆராய்ந்தார்கள்.

1982-ல் அவர்கள் உள்சுற்றுக்கு அனுப்பிய ஆவணத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 415 பங்காக இருக்கும் என்று அதன் கோடு காட்டுகிறது. 2019 மே மாதம் ஹவாய்த் தீவின் மௌனா லோவா ஆய்வகத்தில் அளவு 415-ஐத் தாண்டியது. 37 ஆண்டுக்கு முன் வரைந்த கோடு!

ஜெஃப்ரி சுப்ரான், ஸ்டெஃபான் ராம்ஸ்டோர்ஃப், நவோமி ஓரெஸ்கஸ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1977 முதல் 2003 வரை எக்ஸானும் அதன் வாரிசான எக்ஸான்மொபிலும் செய்த கணிப்புகளை எல்லாம் திரட்டி, பின்னால் நிஜமாக நடந்த வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்தார்கள். 2023 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அவர்களின் முடிவுப்படி, 63 முதல் 83 சதவீதக் கணிப்புகள் சரியாக இருந்தன. பத்தாண்டுக்கு 0.2 டிகிரி உயரும் என்பது அவற்றின் சராசரி. அப்படித்தான் உயர்ந்தது.

இனி மேடை. 1997 அக்டோபரில் பெய்ஜிங்கில் நடந்த உலகப் பெட்ரோலிய மாநாட்டில் எக்ஸானின் தலைவர் லீ ரேமண்ட், இருபது ஆண்டுக்கு முன்பிருந்ததைவிட உலகம் இப்போது குளிர்ந்திருக்கிறது என்றார். பசுங்குடில் வாயுக்களைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட கியோட்டோ உடன்படிக்கைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்களும் சங்கங்களும் சேர்ந்து 1989-ல் தொடங்கிய ‘உலகக் காலநிலைக் கூட்டணி’யும் இதே வழிதான். பெயரைக் கேட்டால் மரம் நடுபவர்கள் என்று தோன்றும். 1995-ல் அதன் அறிவியல் குழு தன் உறுப்பினர்களுக்காக ஒரு கையேட்டின் வரைவைத் தயாரித்தது. பசுங்குடில் விளைவின் அறிவியல் அடிப்படையை மறுக்க முடியாது என்று அதில் ஒப்புக்கொண்டது. வெப்பமாதலை மறுப்பவர்களின் வாதங்கள் ஏன் எடுபடாது என்றும் ஒரு பகுதியில் விளக்கியது. இறுதி வடிவில் அந்தப் பகுதி இல்லை. வெளியே கூட்டணி தொடர்ந்து ஐயத்தையே விற்றது. அந்த வரைவு ஒரு வழக்கின் ஆவணங்களோடு வெளிவந்து, 2009-ல் நியூயார்க் டைம்ஸில் செய்தியானது. கூட்டணி 2002-லேயே கலைந்துவிட்டிருந்தது.

எல்லாவற்றையும் வரிசையில் வைத்துப் பாருங்கள். கையேடு வழக்கால் வந்தது. 1998-ல் எண்ணெய்த் தொழில் சங்கமான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தில் கூடியவர்கள் தீட்டிய, மக்கள் மனதில் ஐயத்தை விதைக்கும் திட்டம் கசிவால் வந்தது. எக்ஸான்மொபிலின் லாபியாளர் ஒருவர், கார்பன் வரியை நிறுவனம் ஆதரிப்பதே அது ஒருபோதும் வராது என்ற தைரியத்தில்தான் என்று பேசியது 2021-ல் ரகசியக் கேமராவால் வந்தது. நிறுவனத் தலைவர் அதற்கு மன்னிப்புக் கேட்டு, அது நிறுவனத்தின் நிலைப்பாடு இல்லை என்றார். வழக்கு, கசிவு, கேமரா. ஆண்டறிக்கையில் எதுவும் வரவில்லை.

பங்குதாரர் கேட்ட கணக்கு

நிறுவனம் யாருடையது? பங்குதாரர்களுடையது என்பார்கள். அவர்களில் பெரியவர்களுள் ஓய்வூதிய நிதிகளும் உண்டு. ஆசிரியர், தாதி, அரசு ஊழியர் ஆகியோரின் முதுமைப் பணம் அது. எண்ணெய் நிறுவனம் காலநிலைச் சட்டத்தைக் கவிழ்த்தால் அந்தப் பங்கு ஏறலாம். ஆனால் அதே ஓய்வூதிய நிதி காப்பீட்டு நிறுவனத்திலும் வேளாண் நிறுவனத்திலும் கடலோரக் கட்டடங்களிலும் பணம் போட்டிருக்கிறது. ஒரு பாக்கெட்டில் வந்தது மறு பாக்கெட்டில் போகும். அதனால்தான் அவர்கள் கணக்குக் கேட்கத் தொடங்கினார்கள்.

பலன் சில இடங்களில் தெரிந்தது. சுரங்க நிறுவனமான பிஎச்பி தன் சங்கங்கள் என்னென்ன பேசுகின்றன என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 2017 டிசம்பரில் உலக நிலக்கரிச் சங்கத்திலிருந்து விலகும் முதற்கட்ட முடிவை அறிவித்தது. 2019-ல் எண்ணெய் நிறுவனமான ஷெல் 19 சங்கங்களை இப்படி அலசி வெளியிட்டது. அமெரிக்க எண்ணெய்ச் சுத்திகரிப்பாளர் சங்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அதிலிருந்து வெளியேறியது. 2021 ஜனவரியில் பிரான்சின் டோட்டல், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தைவிட்டு விலகியது.

அதே ஆண்டு மே 26 அன்று எக்ஸான்மொபிலின் ஆண்டுப் பொதுக்கூட்டம். எஞ்சின் நம்பர் 1 என்ற சின்ன முதலீட்டு நிறுவனத்திடம் இருந்தது மொத்தப் பங்கில் 0.02 சதவீதம். அது மற்ற பங்குதாரர்களைத் திரட்டி, நிர்வாகம் நிறுத்தியவர்களைத் தோற்கடித்து, இயக்குநர் குழுவில் மூன்று இடங்களைப் பிடித்தது. அதே கூட்டத்தில், நிறுவனத்தின் லாபி பாரிஸ் காலநிலை உடன்படிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று அறிக்கை தரச்சொன்ன தீர்மானத்துக்குச் சுமார் 64 சதவீத ஆதரவு.

காற்று ஒரே திசையில் அடிக்கவில்லை. 2024 ஜனவரியில் உமிழ்வுக் குறைப்பை வலியுறுத்தித் தீர்மானம் கொண்டுவந்த இரண்டு பங்குதாரர் அமைப்புகள்மீது எக்ஸான்மொபில் வழக்கே போட்டது. தீர்மானத்தை அவர்கள் திரும்பப் பெற்றார்கள். அதன் பிறகும் நிறுவனம் வழக்கை நடத்தியது. ஜூனில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். கணக்குக் கேட்பதற்கே யோசிக்க வேண்டியிருக்கும் என்ற பாடம் மட்டும் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

லாபியே கூடாது என்று சொல்ல வரவில்லை. அரசிடம் குறை சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, ஆலை முதலாளிக்கும்தான். எந்தக் கொதிகலனை எத்தனை ஆண்டில் மாற்ற முடியும் என்பது அமைச்சரைவிட அவருக்கே தெரியும். சூரிய ஒளித் தகடு செய்பவரும் லாபி செய்கிறார். கேட்பது ஒன்றுதான்: உள்ளே பேசியதை வெளியே சொல்லுங்கள். மேடையில் ‘பசுமை’ என்றும் அறைக்குள் ‘வேண்டாம்’ என்றும் சொல்ல முடியாத நிலை வந்தால், லாபி வெறும் வாதமாகிவிடும். வாதத்துக்கு எதிர்வாதம் சொல்லலாம்.

நம் ஊர்ப் படிவம்

இந்தியாவில் லாபிக்கென்று வெளிப்படுத்தல் சட்டம் கிடையாது. ஆனால் ஒரு படிவம் இருக்கிறது. பங்குச்சந்தையில் மதிப்பின்படி முதல் 1,000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள், 2022–23 நிதியாண்டிலிருந்து வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை ஒன்றைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்பது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபியின் உத்தரவு. ஒன்பது கோட்பாடுகளின் கீழ் கேள்விகள். ஏழாவது கோட்பாடு இதைப் பற்றியதே: அரசின் கொள்கைகளில் செல்வாக்குச் செலுத்தும்போது பொறுப்போடும் ஒளிவுமறைவின்றியும் நடக்கவேண்டும்.

எத்தனை தொழில் சங்கங்களில் உறுப்பினர், அவற்றில் பெரிய பத்து எவை என்ற கேள்விக்கு விடை கட்டாயம். எந்தக் கொள்கைக்காகப் பேசினீர்கள், எப்படிப் பேசினீர்கள், அது பொதுவெளியில் இருக்கிறதா, இயக்குநர் குழு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அதைப் பரிசீலிக்கிறது? இவ்வளவு அருமையான கேள்விகளுக்கும் தனி அட்டவணை இருக்கிறது. ஆனால் அது விருப்பத்தின் பேரில் நிரப்பும் பகுதி. செலவுத் தொகைக்கு அதில் கட்டம் இல்லை. அமெரிக்கப் படிவத்தில் தொகை தெரியும், பக்கம் தெரியாது. நம் படிவத்தில் சங்கம் தெரியும், தொகை தெரியாது, பக்கத்தைச் சொல்வதும் சொல்லாததும் அவர்கள் இஷ்டம்.

உங்களிடம் ஒரு பங்கோ, பரஸ்பர நிதியில் மாதம் ஐந்நூறு ரூபாயோ இருந்தால், அந்த நிறுவனங்களில் ஒன்றின் ஆண்டறிக்கையை இணையத்தில் திறந்து ஏழாவது கோட்பாட்டுக்குப் போய்ப் பாருங்கள். விருப்பத்தின் பேரில் நிரப்பும் அந்த அட்டவணை காலியாக இருந்தால், ஏன் என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த அறிக்கையில் முதலீட்டாளர் தொடர்புக்கான முகவரியும் இருக்கும்.